அவயத்துக்கு வந்த கோழி



தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அனுமன் நதிக் கரையில் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். அங்கே முருகனின் கொடியில் சேவல். கோயிலை விட்டுத் தெருவுக்கு வந்தால் குப்பைமேட்டில் உயிருள்ள சேவல். கொடியில் இருப்பதைக் கும்பிடுகிற ஊரில், கொல்லையில் இருப்பது குழந்தையை விரட்டினால் விறகுக் கட்டைதான் பதில்.

சேவலின் முரட்டுத்தனமும் கோழியின் அடைப் பிடிவாதமும் கோளாறுகள் அல்ல. அவை அவற்றின் வேலை. அது புரிந்துவிட்டால் கொல்லையில் பாதிச் சண்டை குறையும்.

விடியும் முன்னே சேவல் கூவுவது வெளிச்சத்தைப் பார்த்து அல்ல. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஷிம்முராவும் யோஷிமுராவும், ஒரே அளவான மங்கல் வெளிச்சத்தில் சேவல்களை வைத்துக் கவனித்தார்கள். வெளியே பகலா இரவா என்று தெரியாமலே அவை நேரத்துக்குக் கூவின. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 2013-இல் எழுதினார்கள். தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தம் வரிசைப்படி காத்திருந்து கூவும் என்பதை 2015-இல் சொன்னார்கள். கொத்துவதில் கோழிகளுக்குள் இப்படி மேல் கீழ் வரிசை இருப்பதை 1920-களின் தொடக்கத்திலேயே எழுதியவர் நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே. சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்து வந்தவர் அவர்.

அந்த வரிசை குலையும்போதுதான் இரத்தம் சிந்துகிறது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மூன்று சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. சந்தையில் வாங்கிய புதுச் சேவலை நேரே கூட்டத்தில் விடாமல், ஒரு வாரம் பக்கத்திலேயே தனிக் கூண்டில் வைத்து, பழையவை பார்த்துப் பழகிய பிறகு விட வேண்டும். ஆளைப் பார்த்துப் பாய்கிற சேவலை உதைத்தால், அது சண்டைக்குச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பயந்து ஓடினாலும் அதற்கு வெற்றிதான். அமைதியாகப் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிறிது நேரம் நடந்தால் பல சேவல்கள் அடங்கும். அப்படியும் அடங்காமல் சின்னப் பிள்ளைகளின் முகத்துக்குப் பாய்வதை இனத்துக்கு நிறுத்தவே கூடாது.

நல்ல சேவலின் குணம் வேறு. இரை கண்டால் தான் தின்னாமல் கொக்கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிடும். வானத்தில் பருந்து தெரிந்தால் ஒரு குரல், தரையில் நாய் வந்தால் வேறு குரல். குஞ்சோடு திரியும் கோழிக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

இனி கோழி. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் ஒருநாள் கூட்டை விட்டு எழ மறுக்கும். கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். 'கோழி அவயத்துக்கு வந்துட்டு' என்பார்கள் இந்தப் பக்கத்துப் பெண்கள். அடைக்கு வந்துவிட்டது என்று பொருள். புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறியதன் அடையாளம் அது. நாமக்கல் பண்ணைகளில் வருடத்துக்கு 300 முட்டை வரை இடுகிற கோழிகளிடம், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி இந்தக் குணத்தைக் கழித்துவிட்டார்கள். அந்தக் கோழிக்கு முட்டை இடத் தெரியும். குஞ்சு பொரிக்கத் தெரியாது. நாட்டுக்கோழி மின்சாரம் கேட்காத பொரிப்பான். வெப்பத்தையும் ஈரத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். நாளுக்குப் பலமுறை முட்டைகளை அதுவே உருட்டித் திருப்பிவிடும்.

அடை வைப்பதில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டையாக, கோழியின் உடம்புக்குள் அடங்கும்படி பத்துப் பன்னிரண்டு. கோடையில் முட்டை வெறுமனே கிடந்தாலும், சூட்டில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் நான்கைந்து நாளைக்கு உள்ளான முட்டைதான் வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திபோல் படர்ந்திருக்கும். நரம்பே இல்லாமல் தெளிவாகத் தெரிவதை எடுத்துவிடலாம். இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று கூட்டில் இரும்பாணியும் கரித்துண்டும் போடுகிறவர்கள் உண்டு. முட்டையைக் கெடுப்பது இடி அல்ல. பழைய முட்டையும், சேவல் சேராத முட்டையும், கோழி நெடுநேரம் எழுந்து போய்விடுவதும்தான். கோழி ஏன் எழுந்து போகிறது? பெரும்பாலும் செள்ளு கடிப்பதால்தான். எனவே கூட்டில் புது மணலும் வேப்பிலையும் வேண்டும். தினம் ஒருமுறை இறங்கி இரை தின்று, புழுதியில் குளித்துவிட்டு வர வழி விட வேண்டும்.

இருபத்தொன்றாம் நாள் குஞ்சு. குற்றாலத்தில் சாரல் பிடிக்கிற ஆனி, ஆடியில் ஆய்க்குடியிலும் காற்றும் தூறலுமாக இருக்கும். நனைந்த குஞ்சு குளிரில் விறைத்துவிடும் என்பதால் பஞ்சாரத்தைத் தரையில் கவிழ்க்காமல், காய்ந்த உமி பரப்பிய மேட்டில், தாயோடு சேர்த்துக் கவிழ்க்க வேண்டும். பகலில் கீரியும் இரவில் மரநாயும் வரும். பஞ்சாரத்தின் மேல் கல் ஏற்றி வையுங்கள்.

குஞ்சு வேண்டாம், முட்டை போதும் என்கிற வீட்டில்தான் கொடுமை நடக்கிறது. அடையைத் தெளிய வைக்கிறோம் என்று கோழியின் மூக்கில் இறகைச் செருகுகிறார்கள், தண்ணீரில் முக்குகிறார்கள். மூக்கு புண்ணாகிக் கோழி நோகிறதே தவிர வேறு லாபம் இல்லை. கூட்டை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூண்டில், வெளிச்சமான இடத்தில், இரையும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து அடை தானே கலையும். இரண்டொரு வாரத்தில் மறுபடி முட்டைக்கு வரும். அந்த இறகை மட்டும் இனி எடுக்காதீர்கள்.