அண்ணாந்து பாக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க

புரட்டாசி பொறந்தாச்சு. ஐப்பசி மழை புடிக்கிறதுக்குள்ள வீட்டோரம் நிக்கிற மரத்தை என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. "மரம் ரொம்ப ஒசந்துபோச்சு, காத்தடிச்சா பேயாட்டம் ஆடுது, வெட்டிடலாமா?" பெரும்பாலும் இதுதான் கேள்வி.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துக்காரங்க இதைக் கேட்டா அந்தப் பயம் எனக்குப் புரியுது. 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுனப்போ, லட்சக்கணக்குல தென்னை சாஞ்சுபோச்சு. அதுக்கு முன்னாடி 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பா விழுந்துச்சு. அதைக் கண்ணால பாத்தவங்களுக்கு மரம் லேசா ஆடுனாலே வயித்தைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனா ஒசரமா இருக்கிறதும் ஆடுறதும் விழப்போறதுக்கு அடையாளம் இல்லீங்க. ஆடித்தான் மரம் காத்தைத் தாங்குது. விழப்போற மரம் முன்கூட்டியே சேதி சொல்லும், ஆனா மேல சொல்லாது, தூர்ல சொல்லும். அதனால அண்ணாந்து பாக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல தூருக்கிட்ட போய்க் குனிஞ்சு பாருங்க.

ஆணிவேர் பாதாளம் வரைக்கும் போகுதுன்னு நாம நினைச்சுக்கிறோம். வளந்த மரத்துல பெரும்பாலான வேர் மேல்மண்ணுல, ரெண்டு அடி ஆழத்துக்குள்ளதான் இருக்கும். கிளை விரிஞ்சிருக்கிற அளவையும் தாண்டிப் பக்கவாட்டுல ஓடும். இப்ப யோசிச்சுப் பாருங்க. கடைசியா அந்த மரத்துக்கிட்ட எப்ப பள்ளம் தோண்டுனீங்க? செப்டிக் டேங்க் போட்டப்பவா, காம்பவுண்டு சுவருக்கு அஸ்திவாரம் எடுத்தப்பவா, இல்ல ஊராட்சியில வாய்க்கால் கட்ட ஜேசிபி வந்தப்பவா? அன்னைக்கு ஒரு பக்கத்து வேர் மொத்தமும் அறுந்திருக்கும். மரம் உடனே ஒண்ணும் காட்டிக்காது. ரெண்டு மூணு வருஷம் பச்சையாவே நிக்கும். அப்புறம் வர்ற பெருங்காத்துல சாயும். எந்தப் பக்கம் சாயும்? வேர் போன பக்கத்துலேருந்து காத்தடிச்சா பிடிச்சு இழுக்க ஆள் இல்ல, எதிர்ப்பக்கம் சாயும். மரத்துக்கு அந்தண்டை சுவர் கட்டுறதுக்காக வேரை வெட்டியிருந்தீங்கன்னா, இந்தண்டை இருக்கிறது உங்க வீடு. பயந்து மரத்தை வெட்டச் சொல்ற பல வீட்டுல, மரத்தை ஆபத்தாக்குனதே அந்த வீட்டு வேலைதான். சொன்னா கோவம் வருது, என்ன பண்றது.

மண்ணு அடிக்கிறதும் அப்படித்தான். வீட்டு மட்டத்தை ஒசத்த ரெண்டு அடிக்கு கிராவல் அடிச்சு, மரத்தைச் சுத்தியும் மூடிடுறோம். வேருக்கு மூச்சு முட்டும், மண்ணுக்குள்ள போன அடிப்பட்டை அழுகும். திண்ணை மாதிரி உக்கார வசதியா இருக்கட்டும்னு மரத்தை இறுக்கிச் சிமெண்ட் போடுறதும் அதே கதை. சிமெண்டை உடைச்சு நாலு பக்கமும் நாலு அடியாவது மண்ணைத் திறந்துவிடுங்க. அடிச்ச மண்ணைப் பழைய மட்டத்துக்கு மம்முட்டியால இழுத்துவிடுங்க, வேருல படாம. மரத்துக்கு நீங்க செய்யற வைத்தியத்துல பாதி இதுலயே முடிஞ்சிடும்.

தூர்ல என்ன பாக்கணும்? ஒரு பக்கம் மண்ணு பொளந்து விரிசல் ஓடுதா, இல்ல உப்பி எழும்பியிருக்கான்னு பாருங்க. சின்ன வயசுலேருந்தே சாஞ்சு வளந்த மரத்தைப் பத்திக் கவலை வேண்டாம், அது தன் கனத்துக்கு ஏத்த மாதிரி வேர் விட்டிருக்கும். போன வருஷம் நேரா நின்னது இந்த வருஷம் சாஞ்சு, சாஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண்ணுல விரிசலும் இருந்தா, அந்த மரத்துக்கிட்டயே புள்ளைங்களை விளையாட விடாதீங்க, மாட்டைக் கட்டாதீங்க, உடனே ஆளைக் கூப்பிடுங்க. அடுத்தது காளான். அடிமரத்துல பலகை மாதிரி கெட்டியான காளான் அடுக்கடுக்கா இருந்தா, உள்ள அழுகல் ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

பொந்து இருந்தாலே மரம் போச்சுன்னு முடிவு கட்ட வேண்டாம். உள்ள கூடா இருந்தாலும் சுத்தி நிக்கிற நல்ல கட்டை எவ்வளவு தடிமன்கிறதுதான் கணக்கு. மரத்தோட குறுக்களவு 30 அங்குலம்னு வைங்க. சுத்தியும் 5 அங்குலத்துக்குக் குறையாம கெட்டியான கட்டை இருந்தா ஓரளவு நம்பலாம், அதாவது ஆரத்துல மூணுல ஒரு பங்கு. ஒரு பக்கம் வாயைத் திறந்துக்கிட்டு இருக்கிற பொந்துன்னா இந்தக் கணக்கு பத்தாது, இன்னும் கெட்டி வேணும். மரச்சுத்தியலால சுத்திவரத் தட்டிப் பாருங்க, கெட்டிச் சத்தத்துக்கும் கூடு சத்தத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கே கேக்கும்.

தென்னை வெச்சிருக்கவங்க இதை இன்னும் கவனமாக் கேளுங்க. தஞ்சாவூர் வாடல் நோய்னு பேரு, அடித்தண்டழுகல்னும் சொல்வாங்க. 1952 புயலுக்கு அப்புறம் தஞ்சை மாவட்டத்துல கண்டதால இந்தப் பேரு. கேனோடெர்மாங்கிற பூஞ்சாணம் மண்ணு வழியா வேருக்குள்ள ஏறுது. மேல பாத்தா வெளிச்சுத்து மட்டை தொங்கும், தண்ணி பத்தலைன்னு நினைச்சு நாம தண்ணி விடுவோம். அடியில பாத்தா செம்பழுப்பா சாறு வடிஞ்சிருக்கும், அதுதான் இந்த நோய். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, கூட டிரைக்கோடெர்மா கலந்து போட்டுக் காப்பாத்திப் பாக்கலாம். முத்திப்போச்சுன்னா எடுத்துடுறதுதான் மத்த மரத்துக்கு நல்லது. மரத்தண்டுல ஓட்டை, அதுலேருந்து மென்னு துப்புன மாதிரி நாரு வெளிய வந்தா அது வேற, சிவப்புக் கூன்வண்டு. காதை வெச்சுக் கேட்டா உள்ள கரகரன்னு மெல்லுற சத்தம்கூடக் கேக்கும். அந்த மரம் நடுவுல முறிஞ்சு விழும். வீட்டுக் கூரைப் பக்கம் நின்னா தாமதிக்காதீங்க.

வேப்பமரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. சில வருஷமா மார்கழி, தை வாக்குல வேப்பமரம் நுனியெல்லாம் தீயில கருகுன மாதிரி நிக்குது. மரம் செத்துப்போச்சு, வீட்டுக்கு ஆகாதுன்னு வெட்டிப் போட்டுடுறாங்க. அது தேயிலைக் கொசுங்கிற பூச்சியும் பூஞ்சாணமும் சேந்து செய்யற வேலை. பங்குனி, சித்திரையில பெரும்பாலான மரம் திரும்பத் துளிர்த்துடும். சித்திரை முடியற வரைக்கும் கோடாரியை எடுக்காதீங்க.

சரி, தூரு நல்லா இருக்கு, ஆனா கிளை கூரைமேல கவுந்திருக்கு. இங்கதான் நம்ம ஊருல பெரிய தப்பு நடக்குது. மொட்டை அடிக்கிறது. உச்சியை வெட்டி, கிளையெல்லாம் பாதியில நறுக்கி, கம்பம் மாதிரி நிறுத்திடுறது. ஒடிச்சு வளக்கிறதெல்லாம் முருங்கைக்குச் சரி. வேம்புக்கும் பூவரசுக்கும் மாவுக்கும் அது தண்டனை. வெட்டுன இடத்துல கொத்தா பத்துக் கிளை கிளம்பும், பாக்கச் செழிப்பா இருக்கும். ஆனா அதெல்லாம் மேலாக ஒட்டிக்கிட்டு வந்த கிளை, கட்டைக்குள்ள வேரூணி வரலை. அடியில வெட்டுவாய் அழுகும், மேல கிளை கனக்கும். நாலஞ்சு வருஷத்துல நீங்க பயந்ததைவிடப் பெரிய ஆபத்தைத் தலைக்குமேல நீங்களே வளத்து வெச்சிருப்பீங்க. அதுவுமில்லாம ஆடுறதுக்கு ஏத்த உருவத்தையே கெடுத்துட்டோம்.

எந்தக் கிளை வேண்டாமோ அதை மட்டும், அது பொறப்படுற இடத்துல எடுங்க. அந்த இடத்துல மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பு மரத்துக்குச் சொந்தம், அங்கேருந்துதான் பட்டை மூடி வரும். அதையும் சேத்து வழிச்சு வெட்டாதீங்க, அதைத் தாண்டி ஒரு அடி கட்டையையும் விடாதீங்க. கனமான கிளைன்னா ஒரே வெட்டு கூடாது. தடிப்புலேருந்து ஒரு அடி தள்ளி முதல்ல அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்கணும், அதுக்குக் கொஞ்சம் வெளிய தள்ளி மேலேருந்து அறுத்துக் கனத்தை இறக்கணும், அப்புறம்தான் மிச்சக் கட்டையைத் தடிப்புக்கு வெளிப்பக்கமா அறுக்கணும். அடிவெட்டு இல்லாம மேலேருந்தே அறுத்தா கிளை விழறப்போ பட்டையை உரிச்சுக்கிட்டுத் தூரு வரைக்கும் போயிடும்.

வெட்டுவாயில தார் பூசணுமா, சாணி அப்பணுமான்னு கேப்பீங்க. அமெரிக்க வனத்துறையில அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான மரத்தை நீளவாக்குல அறுத்துப் பாத்தே வாழ்நாளைக் கழிச்சவர். பூச்சு அழுகலைத் தடுக்கலை, சரியான இடத்துல வெட்டுனா மரமே உள்ள ஒரு தடுப்பு போட்டுக்கும்னு காட்டுனவர் அவர்தான். மா மாதிரி தோப்பு மரத்துக்கு போர்டோ பசை பூசச் சொல்லுவாங்க, அதைப் பூசிக்குங்க, தார் வேண்டாம். தென்னைக்கு இந்தப் பேச்சே இல்ல. தென்னையில பட்ட காயம் மூடவே மூடாது. அதனால ஏறுறதுக்குப் படி வெட்டாதீங்க, ஆணி அடிக்காதீங்க, புயலுக்குப் பயந்து பச்சை மட்டையைக் கழிக்காதீங்க. காஞ்ச மட்டையும் முத்துன குலையும் இறக்குனாப் போதும்.

இப்ப யாரைக் கூப்பிடுறது? "மரத்தை நீங்களே எடுத்துக்குங்க, சும்மா வெட்டிக் குடுத்தாப் போதும்"னு மர வியாபாரியைக் கூப்பிடுறது நம்ம வழக்கம். அவர் பொழைப்பு அது, தப்பு சொல்ல மாட்டேன். ஆனா மரத்தை வெட்டலாமா வேண்டாமாங்கிற கேள்வியை அவர்கிட்டக் கேக்காதீங்க. கட்டைதான் அவருக்குக் கூலி. எந்த மரத்தைக் காட்டுனாலும் உள்ள புழுத்துப்போச்சுங்கம்பார். முடிவை நீங்க எடுங்க, இல்ல வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துல கேளுங்க. கழிக்கிற வேலைக்குக் கூலி பேசித் தனியா ஆள் வைங்க. பேசுறப்பவே எந்தக் கிளை, எவ்வளவு, வடம் கட்டி இறக்குவாங்களா இல்ல வெட்டித் தள்ளுவாங்களா, ஓடு உடைஞ்சா யார் பொறுப்பு, செத்தை யாரு அள்ளுறது, எல்லாத்தையும் பேசிடுங்க. இடுப்புல பெல்ட்டும் தலையில ஹெல்மெட்டும் இல்லாம செயின்சாவோட ஏறுறவரை, எவ்வளவு கெட்டிக்காரர்னாலும் ஏத்தாதீங்க. தென்னை ஏற, தென்னை வளர்ச்சி வாரியம் மெஷின்ல ஏறப் பயிற்சி குடுத்து ஆளுங்களை உருவாக்கியிருக்கு. தென்னை ஏறுறவங்களுக்குக் கேரா சுரக்ஷான்னு காப்பீடும் இருக்கு, உங்க ஆள்கிட்ட அது இருக்கான்னு கேளுங்க.

கரண்டு கம்பி பக்கத்துல இருந்தா நீங்களும் தொடாதீங்க, உங்க ஆளையும் தொடவிடாதீங்க. ஃபியூஸைப் புடுங்கிட்டேன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. செக்‌ஷன் ஆபீஸ்ல சொல்லி, லைன்மேன் வந்து எல்.சி. (லைன் கிளியர்) எடுத்தப்புறம்தான் வேலை. மின்வாரியத்தோட மின்னகம் நம்பர் 94987 94987, எந்நேரமும் கூப்பிடலாம். பச்சைக் கிளையில கரண்டு பாயும், மழையில நனைஞ்சதுன்னா இன்னும் மோசம்.

பட்டா நிலத்துல நிக்கிற தென்னை, மா, வேம்புக்குப் பெருசா சிக்கல் இல்ல. தேக்கு, ஈட்டி, சந்தனம், செம்மரம்னா வனச்சரகர் ஆபீஸ்ல கேக்காம அரிவாளை வைக்காதீங்க. நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதிக்கு 1955லேருந்தே தனிச் சட்டம் இருக்கு. ரோட்டோரப் புளியமரம் உங்க வாசலுக்கு நேரா நின்னாலும் அது உங்களுது இல்ல. பக்கத்து வீட்டு மரம் உங்க வீட்டுமேல விழற மாதிரி நிக்குது, சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்கன்னா, சண்டை போடாதீங்க. கோட்டாட்சியர்கிட்ட மனு குடுங்க. விழப்போற மரத்தை எடுக்கச் சொல்லவோ முட்டுக்கொடுக்கச் சொல்லவோ அவருக்கு அதிகாரம் இருக்கு. முன்ன குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்ப புதுச் சட்டத்துல பிரிவு 152. மனுவோட மரத்தோட போட்டோவும், தூரோட போட்டோவும் வைங்க.

எடுத்தே ஆகணும்னு ஆயிடுச்சுன்னா, வீட்டை ஒட்டுன மரத்தை ஜேசிபி வெச்சுத் தள்ளாதீங்க. வேர் மல்லாக்கக் கிளம்பறப்போ அஸ்திவாரத்தையும் தண்ணிக் குழாயையும் சேத்துத் தூக்கும். மேலேருந்து துண்டுதுண்டா வடம் கட்டி இறக்குறதுதான் முறை, இல்ல ஹைட்ரா கிரேன் வெச்சுப் பிடிச்சுக்கிட்டு அறுக்கணும். வெட்டவெளியில சாய்க்கிறதா இருந்தா, மரத்து ஒசரத்துல ரெண்டு மடங்கு தூரத்துக்கு ஆளு, ஆடு, மாடு எதுவும் நிக்கக் கூடாது. புயல்ல சாஞ்சு இன்னொரு மரத்துல மாட்டிக்கிட்டு நிக்கிற மரத்தைத் தயவுசெஞ்சு நீங்களா அறுக்காதீங்க. வில்லை வளைச்ச மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும், எந்தப் பக்கம் அடிக்கும்னு அனுபவஸ்தருக்கே சொல்லக் கஷ்டம்.

கடைசியா தூருக்கட்டை. வேம்பு, பூவரசுன்னா தரையோட அறுத்து மண்ணைப் போட்டு மூடிட்டா அதுவா மக்கும், அவசரமில்ல. வாடல் நோய்ல போன தென்னைன்னா தூரையும் வேரையும் தோண்டி எடுத்துக் கொளுத்திடுங்க. அந்தக் குழியில உடனே இன்னொரு தென்னம்பிள்ளையைக் கொண்டுவந்து வைக்காதீங்க. நடுவுல ரெண்டு மூணு வருஷம் வாழை போடுங்க.