கடிவாளமும் நம் நாவும்



மண்ணையும் சூளையையும் நன்கு அறிந்த ஊர் நம் விருத்தாசலம். அய்யனார் கோயில் மண்குதிரைகளையும் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கடிவாளமும் மண்தான். எப்படிச் செய்தாலும் வலிக்காது. உயிருள்ள குதிரைக்கு அப்படியல்ல.

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. அங்கே, நாக்கின் மேலும் வெறும் ஈறின் மேலும்தான் கடிவாளக் கம்பி படிகிறது. கம்பி வாயின் அகலத்தைவிடக் குறைந்தால் உதட்டோரத்தை நெரிக்கும்; மிஞ்சினால் இப்படியும் அப்படியும் நழுவும். மிக மெல்லிய கம்பி அறுக்கும். தடித்ததோ சிறிய வாயில் அடங்காது. ஆகவே ஓட்டுபவரின் கைபலத்தைப் பார்த்தல்ல, குதிரையின் வாயைப் பார்த்தே கடிவாளம் தேர்ந்தெடுக்க வேண்டும். முள் வைத்த கடிவாளத்தை நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்திருக்கின்றன.

குதிரை அடங்காவிட்டால் அனுபவசாலி உடனே கடுமையான கடிவாளத்தைத் தேடமாட்டார். முதலில் வாயைத் திறந்து, பல்லில் கோளாறா, ஈறில் புண்ணா என்று பார்ப்பார்.

ஒரு தந்தை என்னிடம் வந்தார். "சாமி, எவ்வளவு திட்டினாலும் பையன் படிக்கமாட்டேங்கிறான். இனி அடிதான் சரி" என்றார். "அவனுக்கு என்ன கஷ்டம்னு கேட்டீங்களா?" என்றேன். அன்று இரவு கேட்டிருக்கிறார். கரும்பலகை எழுத்தே பையனுக்குத் தெரியவில்லை! திட்டுக்குப் பயந்து மறைத்திருக்கிறான். கண்ணாடி வாங்கியாயிற்று. ஆனால் 'சோம்பேறி', 'தண்டம்' என்று தினமும் சொன்ன சொற்களை எப்படித் திரும்ப வாங்குவது? அந்தத் தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பெரிய மனம் வேண்டும்.

புனித யாக்கோபு தம் திருமுகத்தின் 3-ஆம் அதிகாரத்தில் குதிரையின் கடிவாளத்தைச் சொல்லிவிட்டு, மனிதரின் நாவுக்கு வருகிறார். பிள்ளைகளுக்குக் கடிவாளம் தேடும் நாம், முதலில் நம் நாவுக்கு ஒன்று தேடுவோம். கண்டிப்பு வேண்டாம் என்பதல்ல, முள் வேண்டாம்.

இன்று இரவு யாரையேனும் கண்டிக்க வாய் திறக்கும் முன், ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எங்கே வலிக்குது?"

ஆண்டவரே, எங்கள் நாவைக் காத்தருளும். நாங்கள் காயப்படுத்தியவர்களைக் குணமாக்கும். ஆமென்.