ஒருமுறை வரைவோம், பல ஸ்கேலில் காட்டுவோம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆகவே நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். சாதனைகளைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்!

மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் தொங்கி வந்த செட் நாங்கள். எங்கள் டிராயிங் வாத்தியார் முதல் வகுப்பிலேயே சொன்னார்: "ஸ்கேலை முடிவு பண்ணாம பென்சிலைத் தொடாதே." பலகையில் அது வேதவாக்கு. ஏ1 தாள் 841க்கு 594 மில்லிமீட்டர். 30 மீட்டர் கட்டடத்தை 1:50ல் போட்டால் 600 மில்லிமீட்டர் வரும், தாளில் அடங்கும். அதையே 1:20ல் போட்டால் 1500 வரும்; அடங்காது. அதனால் பிளானை 1:50ல் வரைந்து, ஃபுட்டிங் டீடெயிலை மட்டும் பக்கத்தில் 1:20ல் மறுபடி வரைவோம். ஒரே பொருளை இரண்டு தடவை வரைவதைத் தவிர அப்போது வேறு வழி இல்லை.

1996ல் ஓர் அலுவலகத்தில் ஆட்டோகேட் ரிலீஸ் 12ல் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் மாறியது, என் பழக்கம் மாறவில்லை. தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றின் பிளானை வரைந்தேன். அதிலிருந்து ஒரு ஃபுட்டிங்கை காப்பி எடுத்து, 1:20க்காக இரண்டரை மடங்கு பெரிதாக்கி ஓரத்தில் வைத்தேன். இப்போது 1500 மில்லிமீட்டர் ஃபுட்டிங்குக்கு கம்ப்யூட்டர் 3750 என்று அளவு காட்டுகிறது. அதற்கென்ன, கையாலேயே 1500 என்று டைப் அடித்து மூடிவிட்டேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு!

இரண்டு வாரம் கழித்து ஃபுட்டிங்கை 1800 ஆக்கச் சொல்லி உத்தரவு. பிளானில் திருத்தினேன். ஓரத்தில் இருந்த காப்பியை மறந்தேன். அது 1500 என்றே சைட்டுக்குப் போனது.

கம்பி கட்டுகிறவர்கள் டீடெயிலைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். இரண்டு பக்கமும் 50 கவர் போக 1400 நீளத்தில் நாலு ஃபுட்டிங்குக்கு வெட்டி முடித்துவிட்டார்கள். வேண்டியதோ 1700. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் மேஸ்திரி ஒருவர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, பிளான்ல ஆயிரத்து எண்ணூறு, டீடெயில்ல ஆயிரத்து ஐநூறு. நான் எதைக் கட்டட்டும்?"

கம்பி வீணானது. அது போகட்டும். அந்தப் பெரியவர் கேட்காமல் விட்டிருந்தால்? 3.24 சதுர மீட்டர் தாங்க வேண்டிய பாரத்தை 2.25 சதுர மீட்டர் தாங்கியிருக்கும். மண்ணின் மேல் அழுத்தம் 1.44 மடங்கு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இதற்கான வழி நான் உட்கார்ந்திருந்த அதே மென்பொருளிலேயே இருந்தது. 1990ல் வந்த ரிலீஸ் 11லேயே 'பேப்பர் ஸ்பேஸ்' வந்துவிட்டது. நான்தான் தொட்டுப் பார்க்கவில்லை.

விஷயம் எளிது. மாடல் ஸ்பேஸில் எல்லாவற்றையும் நிஜ அளவில், ஒரே ஒரு முறை வரையுங்கள். 1800 என்றால் 1800. அங்கே ஸ்கேல் கிடையாது. பிறகு லேஅவுட்டுக்குப் போங்கள், அதுதான் தாள். அதில் வியூபோர்ட் என்ற ஜன்னல்களைத் திறங்கள். ஒரு ஜன்னலுக்கு 1:50, இன்னொன்றுக்கு 1:20. அன்று 'ஜூம்' கொடுத்து 1/50எக்ஸ்பி என்று அடிப்போம். இப்போது பட்டியலில் ஸ்கேலைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இரண்டு ஜன்னல் வழியாகவும் தெரிவது அதே ஃபுட்டிங்தான். மாடலில் திருத்தினால் இரண்டிலும் திருந்தும். மறப்பதற்குக் காப்பியே இல்லை!

மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை சில. ஸ்கேல் வைத்ததும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே போய் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே ஸ்கேல் கலைந்துவிடும். எழுத்து தாளில் 2.5 மில்லிமீட்டர் வர வேண்டுமானால் மாடலில் 1:50க்கு 125, 1:20க்கு 50 உயரம் வேண்டும். இந்தக் கணக்கை ஆட்டோகேட் 2008 முதல் 'அனோடேட்டிவ்' வசதி தானே பார்த்துக்கொள்கிறது. ஒரு ஜன்னலில் வேண்டாத லேயரை அந்த ஜன்னலில் மட்டும் உறையவைக்கலாம். விட்டுவிட்ட கோடுகள் எல்லா ஜன்னலிலும் ஒரே மாதிரி தெரிய 'பிஎஸ்எல்டிஸ்கேல்' 1 ஆக இருக்கட்டும். ஒவ்வொரு படத்தின் கீழேயும் அதன் ஸ்கேலை எழுதுங்கள். பிளாட் எடுக்கும்போது 1:1. 'தாளுக்குப் பொருத்து' வேண்டவே வேண்டாம். வந்த தாளில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் 1:50ல் 20 மில்லிமீட்டர், 1:20ல் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டர் காட்டுகிற அளவின் மேல் கையால் நம்பர் அடிக்காதீர்கள். அளவு தப்பாகத் தெரிந்தால் தப்பு நம் வரைபடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள், மூடாதீர்கள்.

எங்கள் வாத்தியார் சொன்னது பலகைக்குச் சரி. கம்ப்யூட்டரில் நிஜ அளவு முதலில், ஸ்கேல் கடைசியில். ஆனால் அவர் சொன்னதன் உள்ளர்த்தம் மாறவில்லை. நம் தாளை நம்பி ஒருவர் கம்பியை வெட்டுகிறார். அந்தத் தாளில் இரண்டு உண்மை இருக்கக் கூடாது.

 சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.