சிறு கப்பலும் கூரிய உளியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இந்த மேடையில் புலவர்களும் பேராசிரியர்களும் பேசுவதைப் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு மகிழ்ந்தவன் நான். பத்தாம் வகுப்பிற்குமேல் பயிலாத ஒரு ரயில்வே குமாஸ்தா இன்று அதே மேடையில் நிற்பதற்குக் காரணம் என் தகுதியன்று. வாயிலருகே கண்ணாடிப் பெட்டியினுள் வைத்திருக்கும் அந்த மரக் கப்பல்தான். அதனை என் இல்லத்தில் கண்ட செயலாளர் அவர்கள், "இதை எப்படிச் செய்தீர்கள் என்று சபையில் சொல்ல வேண்டும்" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். சொற்குற்றம் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தந்தையார் இங்குள்ள ரயில்வே பணிமனையில் தச்சராக இருந்தவர். பெட்டிகளின் மரச் சன்னல்களும் படுக்கைப் பலகைகளும் அவர் கையால் செப்பம் பெற்றவை. நான் அவர் அருகே சென்று உளியைத் தொட்டால், "இது என்னோடு போகட்டும், நீ பேனாவைப் பிடி" என்பார். 1999-ஆம் ஆண்டில் அவர் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அவர் விரும்பியபடியே பேனாவைப் பிடித்தேன். அவருடைய கருவிப் பெட்டி கட்டிலின் அடியில் போயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வீடு மாறும்போது அந்தப் பெட்டியைத் திறந்தேன். நான்கு உளிகள், ஓர் இழைப்புளி, ஒரு கொட்டாப்புளி, ஒரு மூலைமட்டம், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு தீட்டுகல். துணியில் எண்ணெயின் மணம் இன்னும் இருந்தது. உளிகளில் ஒரு புள்ளித் துருகூட இல்லை. அன்றுதான் இவற்றைக் கொண்டு ஏதேனும் ஒன்று செய்தாக வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றியது.

எதைச் செய்வது? நாம் பிழைக்க வந்த இந்த மும்பை நகரிலேயே அதற்கு விடை இருந்தது. 1736-ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து லவ்ஜி நசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் சில தொழிலாளர்களுடன் இங்கு வந்து சேர்ந்தார். நம்மைப் போலவே அவரும் ஊர் விட்டு ஊர் வந்தவர். அவருடைய மரபினர் பல தலைமுறைகளாக இங்கே கப்பல் கட்டினார்கள். அம்மரபில் வந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1813-இல் "கார்ன்வாலிஸ்" என்னும் பெரும் போர்க்கப்பலைக் கட்டினார். 1842-இல் சீனாவுடன் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது அந்தக் கப்பலின் மேல்தான். அவரே 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நீரில் இறக்கிய மற்றொரு கப்பலின் பெயர் "டிரிங்கோமலி", அதாவது நம் மொழியில் திருகோணமலை.

இந்தக் கப்பலுக்கு ஒரு கதை உண்டு. இதைக் கட்டுவதற்கென இங்கிலாந்திலிருந்து முதலில் அனுப்பிய வரைபடங்கள், அவற்றை ஏற்றிவந்த "ஜாவா" என்னும் கப்பல் 1812-இல் அமெரிக்கரிடம் போரில் தோற்று அழிந்தபோது உடன் அழிந்தன. மறுபிரதி வந்த பிறகே வேலை தொடங்கிற்று. ஓக் மரத்திற்குப் பதிலாக மலபார்த் தேக்கைக் கொண்டு கட்டினார்கள். ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெயோ ஆணியைக் காக்கும். கட்டி இரு நூற்றாண்டுகள் கடந்தும் அக்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. இன்றும் நீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழையது. மும்பையில் கட்டியது, தேக்கால் ஆனது, தமிழ் ஊரின் பெயர் தாங்கியது. எனக்கு வேறென்ன வேண்டும்? வரைபடப் பிரதி ஒன்றை வரவழைத்தேன்.

அன்பர்களே, மாதிரிக் கப்பல் செய்பவன் முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நான் ஓர் அடிக்கு எட்டில் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். அதாவது தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. பீரங்கித் தளத்தில் 150 அடி நீளமுள்ள கப்பல் பதினெட்டே முக்கால் அங்குலம் ஆகிறது. 40 அடி அகலம் 5 அங்குலம் ஆகிறது. ஐந்தரை அடி உயரமுள்ள மாலுமி முக்கால் அங்குலத்திற்கும் குறைவாகிறான். பத்து அங்குல அகலமுள்ள பலகை இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த பட்டையாகிறது. இந்த அளவில் நம் கை அரை மில்லிமீட்டர் பிசகினால், மெய்யான கப்பலில் அது ஏறத்தாழ இரண்டு அங்குலப் பிசகு. நுண்ணிய வேலைக்குக் கருவியை ஏன் ஆராய்ந்து தேர வேண்டும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி என் அறியாமையைச் சொல்கிறேன். சிறிய வேலைக்குத் தந்தையின் உளிகள் பெரியவை என்று எண்ணி, கடைத்தெருவில் முப்பது கருவிகள் அடங்கிய பளபளப்பான பெட்டி ஒன்றை 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு வாரத்தில் அதன் கத்திகள் மழுங்கின. தேக்கில் மணல்போன்ற ஒரு பொருள் இயல்பாகவே இருப்பதால் அது எந்தக் கூரையும் விரைவில் தின்றுவிடும். தீட்டினாலும் அக்கத்திகளில் கூர் நிற்கவில்லை. எஃகு நல்லதன்று. முப்பதில் இன்று என்னிடம் எஞ்சியிருப்பவை இரண்டே. அவற்றையும் பசை தடவத்தான் பயன்படுத்துகிறேன்.

பிறகு தந்தையின் கால் அங்குல உளியை எடுத்தேன். அதன் முனையை இன்னும் ஒடுக்கமாக்கலாம் என்று கருதி, மின்சாரச் சாணையில் வைத்து அழுத்தினேன். தீப்பொறி பறந்தது. எடுத்துப் பார்த்தால் வாய் முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்றுகூட எண்ணினேன். ஆனால் அன்று மாலை ஒரு சிறு பலகையைச் செதுக்கியபோது அந்த உளியின் வாய் ஈயம்போல் மடங்கிற்று.

என் தந்தையுடன் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் காலனியில் இருக்கிறார். அவரை நான் சிறுவயது முதல் சித்தப்பா என்றே அழைத்து வருகிறேன். உளியைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதைச் சுட்டுவிட்டாயே! உங்கப்பா இதைக் கல்லில் தவிர வேறொன்றிலும் வைக்கமாட்டாரே" என்றார்.

"எனக்குத் தெரியாது, சித்தப்பா. அவர் சொல்லிக் கொடுக்கவில்லை" என்றேன்.

"நீ கேட்டாயா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சிறுவயதில் உளியைத் தொட்டபோது அவர் தடுத்தார் என்பது உண்மை. ஆனால் நான் வளர்ந்த பின், அவர் இரவு வேலை முடிந்து வந்து வாசற்படியில் அமர்ந்து கருவிகளைத் தீட்டியபோது, ஒருநாளேனும் பக்கத்தில் அமர்ந்து "அப்பா, இதை எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டேனா என்றால், இல்லை.

பெரியவர் பின்னர் விளக்கினார். எஃகைச் சூடேற்றினால் முதலில் வைக்கோல் நிறமும் பிறகு பழுப்பும், ஏறத்தாழ 300 டிகிரியில் நீலமும் தோன்றும். நீலம் கண்ட உளியில் பதம் இறங்கிவிட்டது என்பது பொருள். நீலம் பாய்ந்த பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால் உள்ளே நல்ல எஃகு இருக்கும். நீர் தொட்டு, கல்லில், கையால் தேய்க்க வேண்டும். பதினொரு மாலைகள் தேய்த்தேன். உளி ஒரு விரற்கடை குறைந்தது. பன்னிரண்டாம் நாள் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் வைத்து லேசாகத் தள்ளினேன். மரம் நொறுங்காமல், கண்ணாடிபோல் பளபளத்து வெட்டுப்பட்டது. அதுவே கூருக்குச் சோதனை என்று பெரியவர் சொல்லியிருந்தார். அந்த ஒலி எனக்குப் பழக்கமானதாக இருந்தது. என் இளமையில் வீட்டின் வாசலில் நாள்தோறும் கேட்ட ஒலி அது.

அதன்பிறகு நான் கருவி வாங்கும் முறையே மாறிற்று. எந்த வேலை தடைபட்டு நிற்கிறதோ அந்த வேலைக்குரிய ஒரே கருவியை, கூடியவரையில் நல்லதாக, அப்போது மட்டும் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். நுண்ணிய கருவிகளுக்குத் தச்சர் கடையைவிடப் பொற்கொல்லர் கடையே சிறந்தது. ஜவேரி பஜாரை ஒட்டிய தெருக்களில் நான் வாங்கியவை இவை: சிறு வாள் ஒன்று, ஊசி அரங்கள் ஆறு, விரலால் உருட்டித் துளையிடும் கைத்துளைக் கருவி ஒன்று, நுனி ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் சாமணம் ஒன்று.

சிறு வாளின் இழை நூல்போல் இருக்கும். அதன் பற்கள் பிடியை நோக்கி இருக்குமாறு பூட்ட வேண்டும். அப்போதுதான் இழுக்கும்போது அறுக்கும், இழை மடங்கி ஒடியாது. அறுக்கும் மரத்தின் கனத்தினுள் இரண்டு மூன்று பற்களாவது எப்போதும் பதிந்திருக்க வேண்டும். இல்லையேல் மரம் பிய்யும். சாமணத்தை வாங்குமுன் ஒரு தலைமயிரைப் பற்றி இழுத்துப் பாருங்கள், நழுவினால் வாங்காதீர்கள். பிடிகருவிக்குத் துணி உலர்த்தும் கவ்விகளே போதும். ஒரு டஜன் என் மனைவியாரிடம் கடன் வாங்கியவை இன்னும் திரும்பவில்லை.

மரத்திலும் ஒரு பாடம் கற்றேன். முழுவதும் தேக்கிலேயே செய்ய வேண்டும் என்பது என் ஆசை. தேக்கின் இழை பெரிது. இரண்டரை மில்லிமீட்டர் பட்டையாக அறுத்தால் வளைக்கும்போது பிளக்கிறது. முப்பது பட்டைகள் பிளந்தபின் ஆசையை விட்டேன். கப்பலின் அடிமரமாகிய ஏராவையும் விலா எலும்புகளாகிய வங்குகளையும் தேக்கில் செய்தேன். தேக்கின் எண்ணெய் பசையை ஏற்காதாகையால், ஒட்டும் இடத்தைச் சாராயத் துணியால் துடைத்துவிட்டு உடனே பெவிகால் தடவினேன். மேற்பட்டைகளுக்கு நெருங்கிய இழையுடைய மஞ்சள் கடம்பைக் கொண்டேன். வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சூடான குழாயின்மேல் மெல்ல அழுத்தினால் அது சொன்னபடி வளையும்.

கப்பலின் நடுப்பகுதிச் சுற்றளவு மிகுதி, முன்பகுதியில் குறைவு. ஆதலால் ஒவ்வொரு பட்டையையும் நுனி நோக்கி ஒடுக்கிக்கொண்டே போக வேண்டும். கவராயத்தால் ஒவ்வொரு வங்கிலும் இடத்தைச் சமமாகப் பகுத்துக் குறித்து, அந்தக் குறிப்படி இழைப்புளியால் பட்டையைச் சீவினேன். இடப்பக்கம் ஒரு பட்டை வைத்தால் வலப்பக்கமும் ஒன்று வைக்க வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிச் சென்றால் உலரும் மரம் ஏராவையே கோணலாக்கிவிடும். மூங்கிலைச் சிம்புகளாக்கி, பொற்கொல்லர் கம்பி இழுக்கும் துளைத் தகட்டின் வழியே இழுத்து, ஊசி போன்ற மர ஆணிகள் செய்து பட்டைகளை இறுக்கினேன். இவ்வாறு மாலைப் பொழுதுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலுமாக மூன்று ஆண்டுகள் சென்றன.

பெட்டியிலுள்ள கப்பலை அருகில் சென்று பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வலப்பக்கத்தில், மேலிருந்து நான்காம் பட்டை சற்று மேடுபள்ளமாக இருக்கும். அது பிழையன்று. ஒருநாள் என் மகன், எட்டாம் வகுப்பு மாணவன், என் பக்கத்தில் வந்து அமர்ந்து, "அப்பா, நான் ஒன்று சீவட்டுமா?" என்றான். "போய்ப் படி" என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. என் தந்தையின் குரலிலேயே வந்தது. அதை விழுங்கிவிட்டு உளியை அவன் கையில் கொடுத்தேன். அந்தப் பட்டை அவன் சீவியது. தேய்த்துச் சமப்படுத்தச் சொன்னவர்கள் உண்டு, நான் தேய்க்கவில்லை.

என் தந்தையார் தடுத்ததைக் குறையாகச் சொல்லமாட்டேன். கைத்தொழிலால் தாம் பட்ட துன்பம் மகன் படக்கூடாது என்று கருதினார். அவருடைய அந்த எண்ணத்தால்தான் இன்று நானும் என் குடும்பமும் சோறு உண்கிறோம். ஆயினும் பேனா பிடிக்கும் கை மாலையில் ஒரு மணி நேரம் உளி பிடித்தால் பேனா கோபித்துக்கொள்ளாது என்பதை இந்த மூன்று ஆண்டுகளில் அறிந்தேன்.

நம் காலனியில் தச்சு அறிந்தவர், தையல் அறிந்தவர், பித்தளை வார்க்க அறிந்தவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நம்மை அழைத்துக் கற்பிக்கமாட்டார்கள். நாம்தான் சென்று கேட்க வேண்டும். நான் கேட்கத் தவறியதை, சித்தப்பாவிடம் கேட்டு ஒரு சிறிது ஈடு செய்துகொண்டேன். எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை.

செயலாளர் அவர்களின் இசைவுடன் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் சங்கத்தின் சிறிய அறையில் என் தந்தையின் கருவிப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பேன். பெரியவரும் வர இசைந்திருக்கிறார். பிள்ளைகளை அனுப்புங்கள். முதல் நாள் கப்பல் எதுவும் செய்யமாட்டோம். உளியைக் கல்லில் எப்படி வைப்பது என்பது மட்டுமே பாடம்.