ஊர் கூடிப் புரவி எடுப்போம்!

(ஊர்ப்பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம் ஏரிக்கரையில் பெரியதொரு மண்புரவியை ஊரார் அனைவரும் கூடிச் செய்து நிறுத்துவது பற்றி முடிவெடுக்கவே இங்குக் கூடியுள்ளோம். “பணம் திரட்டி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் சிமிட்டியால் விரைந்து கட்டிவிடுவாரே, நாம் ஏன் சேற்றில் கால்வைக்க வேண்டும்?” என்று சிலர் வினவுகின்றனர். வினா நேர்மையானது, விடையும் நேரியதாகவே இருக்கட்டும்.

பேருருவங்கள் தமிழனுக்குப் புதியவை அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில், ஐயனார் கோயிலின்முன் 30 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது ஒரு புரவி. அம்மாவட்டத்து நமணசமுத்திரத்திலோ, கோயிலுக்குச் செல்லும் வழியெங்கும் சுடுமண் புரவிகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவை ஒருவர் காசில் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. ஊரார் காலந்தோறும் எடுத்துவைத்தவை. நமக்கு வேண்டுவது உயரம் மட்டுமன்று. அவ்வுயரத்தைத் தாங்கும் ஊரொற்றுமை.

புரவியெடுப்பு எவ்வாறு தொடங்குகிறது? ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுக்கின்றனர். இதுவே பிடிமண் கொடுத்தல். தாளில் எழுதாத, ஆனால் எவரும் மீறாத ஒப்பந்தம் அது.

பின்னர்த் தொடங்குகிறது உழைப்பு. மண்ணை வெட்டிச் சுமந்து, கல் நீக்கி, மணலும் உமியும் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். முதலில் கால்கள் நான்கும் உள்ளீடற்ற குழல்களாய் எழும். அவை இறுகிய பின்னரே வயிறு. அது இறுகிய பின்னரே கழுத்தும் தலையும். ஈரம் உலராமுன் மேலே ஏற்றினால் கீழுள்ளது நசுங்கும். சுவரின் கனம் ஓரிடத்தில் மிகுந்து ஓரிடத்தில் குறைந்தால், காயும்போதே விரிசல் விடும். உள்ளே ஈரம் தங்கியிருக்கச் சூளையில் இட்டாலோ, நீராவி பொங்கி உருவத்தையே உடைத்துவிடும். ஆகவே கோடைக்காலமே ஏற்ற காலம். ஏரி வற்றியிருக்கும், மண் கிடைக்கும், வெயிலும் துணைநிற்கும். விறகும் வறட்டியும் வைக்கோலும் வீடுதோறும் திரட்டலாம். பல கைகள் வேண்டும். அவற்றினும் மிகுதியாகப் பொறுமை வேண்டும்.

இனி, நெஞ்சைத் தொட்டு ஒன்று கேட்கிறேன். அந்தப் பிடிமண் எந்தத் தெருவின் மண்?

மண்வெட்டச் சேரியின் கைகளை அழைத்துவிட்டு, புரவியைச் சுமக்கையில் மட்டும் தோளுக்குச் சாதி பார்க்கும் ஊர்கள் உண்டு. உருவம் சமைத்த வேளாரைக் கூலியாளாய்க் கடைசியில் நிறுத்திவிட்டு, காசு கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டும் ஊர்களும் உண்டு. நாமும் அவ்வாறே செய்வோமெனின், சிமிட்டிக் குதிரையே போதும். அதற்கு ஊர் தேவையில்லை!

என் வேண்டுகோள் மூன்று. ஒன்று: சேரி உட்பட ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பிடி மண் வரவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாய்க் கொட்டி, எல்லாரும் சேர்ந்து மிதிப்போம். மிதித்துக் குழைத்தபின், எது எத்தெரு மண் என்று பிரிக்க எவராலும் இயலாது. இரண்டு: வேளாரே இப்பணியின் தலைவர். அவர் சொல்லே செல்லும். அவருக்குரிய ஊதியம் குறைவின்றி முன்னரே சேரவேண்டும். மூன்று: தெருவுக்கு இருவர், ஆணொருவரும் பெண்ணொருவருமாக, அவரருகே இருந்து அக்கலையைக் கற்கவேண்டும். கற்பார் இல்லையெனின் அது அவரோடே முடிந்துபோகும்.

மண்புரவி என்றென்றும் நிற்பதில்லை. மழை அரிக்கும்; காது உடையும்; கால் சரியும். அது குறையன்று. மீண்டும் எடுக்கவேண்டும் என்னும் கட்டாயமே ஊரை மீண்டும் கூட்டுகிறது. நம் மக்களும் ஒருநாள் இக்கரையில் கூடி மண் மிதிப்பர். அன்றும் எல்லாத் தெருக்களின் மண்ணும் அதில் இருக்குமா என்பது, இன்று நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

முதற்பிடி மண் சேரியிலிருந்து வரட்டும். அதைப் பெற்றுக்கொள்ள மற்றைத் தெருவினர் அனைவரும் நடந்து செல்வோம். வருக!