பக்கத்து இருக்கை: சகோதரி சிரில் மூனியின் பள்ளி



ஆசிரியராக வாழ்ந்து மறைந்த நம் தோழரின் நினைவு நாளில் இன்னொரு ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. பெயர் சிரில் மூனி. 1936இல் அயர்லாந்தில் பிறந்து, 1956இல் இந்தியாவுக்கு வந்து, 2023இல் கொல்கத்தாவில் மறைந்தவர்.

தலித் மேடையில் கன்னியாஸ்திரிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்த பாமா, அங்கே வசதியானவர்களின் பிள்ளைகளுக்கே பள்ளி நடப்பதைக் கண்டு வெளியேறினார். 1992இல் 'கருக்கு' வந்தது. அதைப் படித்த நாம் மடத்துப் பள்ளிகளைப் பற்றிய புகழுரைகளை அப்படியே நம்பிவிட முடியாது. நானும் புகழ வரவில்லை. பாமாவை வெளியே அனுப்பிய அதே கேள்விக்கு, உள்ளே இருந்தபடியே ஒருவர் என்ன செய்து பார்த்தார் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கொல்கத்தாவில் சியால்டா ரயில் நிலையப் பகுதியில் லொரேட்டோ பள்ளி இருக்கிறது. 1979இல் சகோதரி சிரில் அதன் தலைமையாசிரியை ஆனார். உள்ளே பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிக்கும் பெண்கள். வெளியே நடைபாதையில் வளரும் குழந்தைகள். நடுவில் ஒரு மதில். அதே லொரேட்டோ சபையிலிருந்த தெரேசா 1948இல் பள்ளியை விட்டுத் தெருவுக்குப் போனார். சிரில் தெருவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்.

கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளை ஆண்டுதோறும் கூடுதலாகச் சேர்த்தார். காலப்போக்கில் அவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர் ஆனார்கள். இவர்களுக்கென்று தனி வகுப்போ மாலைநேரப் பள்ளியோ கிடையாது. ஒரே சீருடை, ஒரே பாடம், ஒரே பெஞ்சு.

இது ஏன் பெரிய விஷயம் என்று நம்மைக் கேட்டால் தெரியும். நான் படித்த பள்ளியில் ஆண்டுக்கு ஒருமுறை, "ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். எழுந்து நிற்போம். அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அன்று மாலை இடம் மாறி உட்கார்ந்தான். அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று நினைவில்லை. எழுந்து நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

1985இல் 'வானவில்' திட்டம் தொடங்கியது. தெருக் குழந்தைகள் தங்களுக்கு முடிந்த நேரத்தில் பள்ளிக்கு வரலாம். ஐந்தாம் வகுப்பிலும் அதற்கு மேலும் படிக்கும் மாணவிகள் ஆளுக்கொரு குழந்தையாக உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். அது மாணவிகளின் பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி. பிறகு தெருவில் இரவைக் கழித்த சிறுமிகள் பள்ளிக் கட்டடத்திலேயே தங்கவும் இடம் கிடைத்தது. வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட சிறுமிகளைத் தேடிப்போய் நட்பாவதும் மாணவிகளின் வேலையானது. வீட்டு வேலையில் குழந்தைகளை வைக்க அரசு தடை விதித்தது 2006இல்தான்.

இங்கே ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். வசதியான பிள்ளை நல்லவளாக வளர ஏழைப் பிள்ளை பாடப்பொருள் ஆகிறதா? மேல்மாடியில் கொஞ்சம் எழுத்துக் கற்பித்துத் திருப்பி அனுப்பியிருந்தால் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் வானவில் குழந்தைகளை முறையான வகுப்புகளில் சேர்ப்பதுதான் அங்கே நோக்கமாக இருந்தது. தானம் கொடுப்பவர் கதவோடு நின்றுவிடுவார். இங்கே கதவு திறந்து, பக்கத்து இருக்கையும் கிடைத்தது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவினரின் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 2014இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகள் அனைத்துக்கும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. சிறுபான்மையினர் உரிமை காக்கப்பட வேண்டியதே. ஆனால் அந்த விலக்கைக் காட்டி, "எங்களால் முடியாது, தரம் கெட்டுவிடும்" என்று ஒரு மடத்துப் பள்ளி சொன்னால், சியால்டாவைக் காட்டுங்கள். எந்தச் சட்டமும் கேட்காத காலத்தில், ஒரு சிறுபான்மைப் பள்ளி கால் பங்கைத் தாண்டிப் பாதியைக் கொடுத்தது. பள்ளியும் இடிந்துவிடவில்லை.

2007இல் சகோதரி சிரிலுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது கொடுப்பது சுலபம். அவர் செய்ததை எல்லாப் பள்ளிக்கும் விதியாக்குவதுதான் கடினம். ஒரு நல்ல தலைமையாசிரியை வந்தால் கதவு திறக்கும், போனால் மூடும் என்ற நிலையில் நம் பிள்ளைகளின் படிப்பு இருக்கக் கூடாது. அவர் மனமுவந்து கொடுத்ததை நாம் உரிமையாகக் கேட்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் பெரிய பள்ளிகளின் மதில்கள் இருக்கும். அவற்றுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளே இருக்கை கேளுங்கள். தனி வகுப்புக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.