நோயாளியாக நடிப்பவரிடம் கற்கும் செவிலியர்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்தப் பங்கிலேயே ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்து, செவிலியப் பணிக்குச் சென்று, இன்று மாணவிகளுக்கு அப்பணியைக் கற்பித்து வரும் சிலர் சேர்ந்து இந்த உரையைத் தயாரித்தோம். எங்கள் பணியின் பெருமையைப் பேச நாங்கள் வரவில்லை. ஓர் உண்மையைச் சொல்லி, உங்களிடம் ஓர் உதவி கேட்க வந்திருக்கிறோம்.

நாங்கள் படித்த காலத்தில், ஊசி போடுவதற்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினோம். அதற்கு அடுத்த படி வார்டுதான். ஆரஞ்சுக்கு வலிக்காது, அது கையை இழுத்துக்கொள்ளாது, "எனக்கு என்ன வியாதி?" என்று கேட்காது. வார்டில் படுத்திருந்த ஏழை எளியவர்களின் உடம்பில்தான் எங்கள் கை பழகியது. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எங்களுக்கு அவர்கள் செய்த அந்த உபகாரத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறோம்.

எங்களில் ஒருத்திக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவள் முதல் ஆண்டு மாணவி. வார்டில் ஒரே பெயருடைய முதியவர் இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருவர் "ஆமாம்மா" என்றார். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டாள். அவர் அதை உற்றுப் பார்த்து, "ஏம்மா, எனக்கு வெள்ளை மாத்திரைதானே குடுப்பாங்க, இது மஞ்சளா இருக்கே?" என்றார். அன்று அவரைக் காப்பாற்றியது எங்கள் படிப்பு அல்ல, அவருடைய கவனம். அவர் கண்பார்வை மங்கியவராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தக் கேள்வி எங்களை விட்டு இன்னும் போகவில்லை.

பழகாமல் கை வராது; நோயாளியிடமே பழகினால் அவருக்குத் துன்பம். இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகர மருத்துவமனையின் செவிலியர் பள்ளிக்காக 1911ஆம் ஆண்டில் ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்து சேர்ந்தது. மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்யும் அம்மையார் அதைச் செய்து கொடுத்தார். 'திருமதி சேஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பொம்மையை வைத்து மாணவிகள் புரட்டிப் படுக்க வைக்கவும், உடை மாற்றவும், படுக்கை விரிக்கவும் பழகினார்கள். 1960ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் பொம்மைத் தொழில் நடத்திய லேர்டால் என்பவர், நின்றுபோன மூச்சையும் இதயத்துடிப்பையும் மீட்கும் முதலுதவிக்காக ஒரு பொம்மை செய்தார். இன்று எங்கள் மாணவிகள் அவ்வகைப் பொம்மையின் நெஞ்சில்தான், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திப் பழகுகிறார்கள்.

ஆனால் பொம்மை பேசாது, பயப்படாது. இந்தக் குறையை நீக்க, 1963ஆம் ஆண்டில் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வழி கண்டார். ஓவியர்களுக்கு மாதிரியாக அமரும் ஒரு பெண்மணிக்கு ஒரு நோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்து, நோயாளியாக நடிக்கச் செய்தார். பயிற்சி பெறுபவர் அவரைப் பரிசோதித்துக் கேள்வி கேட்க, பிறகு அந்தப் பெண்மணியே குறைநிறைகளைக் கூறினார். முதலில் பலர் நகைத்தார்கள். பிற்பாடு மருத்துவக் கல்வியிலும் செவிலியக் கல்வியிலும் அம்முறை வேரூன்றியது.

எங்கள் பள்ளியில் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறோம். நோயாளியாக நடிக்க வருபவரிடம் ஒரு தாள் கொடுப்போம். பெயர், வயது, எங்கே வலி, எத்தனை நாளாக என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு விஷயத்தை மட்டும், கேட்டால் ஒழியச் சொல்லக்கூடாது என்று குறித்திருப்போம். உதாரணமாக, சர்க்கரை வியாதிக்காரர் நாட்டு மருந்தும் சேர்த்துச் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி பொறுமையாகக் கேட்டால்தான் அது வெளியே வரும். ஊசி போட வேண்டுமானால், நடிப்பவரின் கையோடு ரப்பர் கை ஒன்றைக் கட்டி அதில் போடச் சொல்வோம். முடிந்த பிறகு எல்லாரும் வட்டமாக உட்காருவோம். முதலில் மாணவி பேச வேண்டும். அடுத்து நோயாளியாக நடித்தவர். கடைசியில்தான் ஆசிரியர்களாகிய நாங்கள்.

ஒரு நாள், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை நோயாளியாகப் படுத்திருந்தார். மாணவி கை கழுவினாள், பெயரையும் கைப்பட்டை எண்ணையும் சரிபார்த்தாள், இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தாள். எங்கள் பட்டியலில் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். பிறகு அந்த அம்மா சொன்னார்: "எல்லாம் சரியாச் செஞ்சே, மகளே. ஆனா ஒரு தடவைகூட என் முகத்தைப் பாக்கலை. எனக்குப் பயமா இருந்துச்சு." மாணவியின் கண்கள் கலங்கின. எங்களுக்கும் வெட்கம்தான், ஏனென்றால் நாங்கள் தயாரித்த பட்டியலில் முகத்தைப் பார்ப்பது என்று ஒரு வரி இல்லை. அன்றே சேர்த்துவிட்டோம்.

இது உண்மையான வார்டுக்கு ஈடாகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 10 செவிலியப் பள்ளிகளில், 600க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. வார்டுப் பயிற்சியில் பாதி நேரம் வரை இவ்விதப் பயிற்சியாக மாற்றியும், மாணவர்களின் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், பயிற்சி பெற்ற ஆசிரியர்களும், முடிந்தபின் உட்கார்ந்து பேசும் வழக்கமும் இருக்க வேண்டும். வெறும் நாடகம் பயன் தராது. வார்டும் வேண்டும்; ஆனால் முதல் தவறு அங்கே நேரக்கூடாது என்பதே எங்கள் ஆசை.

இனி நாங்கள் கேட்க வந்த உதவி. இந்தப் பங்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து எழாத குடும்பம் இல்லை. எந்தச் செவிலியின் கை இதமாக இருந்தது, எவருடைய சொல் சுட்டது என்று உங்களுக்குத் தெரியும். மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் வாருங்கள். நடிப்புத் திறமை தேவையில்லை. உங்கள் உடம்பில் ஊசி போட மாட்டோம். மருந்து கொடுக்க மாட்டோம். வேண்டாம் என்று தோன்றினால் எந்த நேரமும் நிறுத்திக்கொள்ளலாம். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமும் இல்லை; தாளிலுள்ளதை நாங்கள் வாசித்துக் காட்டுவோம். முடிவில் உங்கள் மனத்தில் பட்டதைப் பரிவோடு, ஆனால் மறைக்காமல் சொன்னால் போதும்.

அந்த மஞ்சள் மாத்திரைப் பெரியவர் எங்களுக்கு வழங்கிய பாடத்தை, யாருக்கும் ஆபத்தின்றி எங்கள் மாணவிகளுக்கு நீங்கள் கற்றுக் கொடுக்கலாம். நாளை உங்கள் வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுக்கும்போது, அவர்களில் ஒருத்தி அருகில் வந்து, பெயரைச் சரிபார்த்து, முகத்தைப் பார்த்து, "எங்கே வலிக்கிறது, அப்பா?" என்று கேட்பாள்.

விரும்புவோர் விழா முடிந்ததும் பங்கு இல்லத்தின் வாசலில் எங்களைச் சந்தியுங்கள். காத்திருப்போம்.